மின்சாரம் வந்த பிறகு

கயிறு மாற்றினேன். எண்ணெய் விட்டேன்.
கதவு திறக்கவில்லை. திறந்தது.
இருபத்தாறு வருடம் இந்த நான்கு வாக்கியங்களையே
எழுதி வந்திருக்கிறேன், திபிலீசியின் லிஃப்ட்களைப் பற்றி.
எங்கள் பேட்டையில் காசு போட்டால்தான் கூண்டு மேலே போகும்.
இறங்குவது இலவசம்.

பிப்ரவரியில் ஒருநாள்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
நானே மாட்டிக்கொண்டேன்.
மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால்
மெக்கானிக் நான்தான்.
இரண்டு மணி நேரம்.
நெற்றியில் விளக்கு, கையில் பென்சில்,
மடியில் பழுதுப் புத்தகம்.
அதன் பின்னட்டையில் எழுதினேன்: 'சாவதற்குள்.'
இருட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
உட்கார முடியவில்லை.
அடித்துவிட்டு எழுதினேன்: 'மின்சாரம் வந்த பிறகு.'

நீச்சல்.
ஒரு முழுத் தர்பூசணி, யாருக்கும் ஒரு கீற்றுக்கூடத் தராமல்.
விசில் அடிப்பது.
உஷ்குலியின் கல் கோபுரங்கள்மேல் பனி விழுவதைப் பார்ப்பது.
நான் கைவைக்காத லிஃப்டில் ஐம்பது மாடி,
சத்தத்துக்குக் காது கொடுக்காமல்.
சிசானாவிடம் போய்
அவள் தையல் மிஷினை விற்றவள் நான்தான் என்று சொல்வது.
இங்கே பென்சில் முனை உடைந்தது.
பல்லால் கடித்துக் கூராக்கினேன்.
அப்புறம் எழுத ஒன்றும் தோன்றவில்லை.
விளக்கு வந்தது.

ஆகஸ்டில் அவ்தோவின் லாரியில் தட்டித் தட்டிப்
பார்த்து வாங்கிய பழம் பதினொரு கிலோ.
மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து தின்றேன்.
பாதியிலேயே வயிறு கைவிரித்தது.
மீதியைப் புறாக்களுக்கு வைத்துவிட்டு
அரைக் கோடு போட்டேன்.

நீச்சல் வகுப்பில் என்னோடு எட்டுப் பிள்ளைகள்.
எல்லோருக்கும் பால்பல் விழுந்த வாய்.
'உடம்பை விட்டுவிடுங்கள், லமாரா' என்றான் பயிற்சியாளர்.
எதுவும் விட்டுவிடக் கூடாது என்பதற்குத்தானே
இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்?
தண்ணீரில் கயிறு இல்லை,
பிடிப்பான் இல்லை, அவசரப் பொத்தான் இல்லை.
பதினொரு நொடி.
நீந்தினேன் என்று எழுதவில்லை. மிதந்தேன் என்று எழுதினேன்.

நடுவில் ஒரு திருட்டுத்தனமும் செய்தேன்.
'மகனைத் தனியாக வளர்ப்பது' என்று புதிதாக ஒரு வரி சேர்த்து
மை காயும் முன்பே அடித்தேன்.
அவனுக்கு முப்பத்துமூன்று வயது.
போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
அந்தக் கோடு மட்டும் நேராக விழுந்தது.

பதூமியில் கடலைப் பார்த்த ஓட்டல்.
எந்த அறை என்று கேட்டான் காவலாளி.
அறை இல்லை, ஆசைதான் என்றேன். சிரித்து விட்டுவிட்டான்.
முப்பத்தோராம் மாடியில்
இடப்பக்கத் தண்டவாளம் லேசாக உரசியது.
கேட்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன்.
இறங்கி வந்து வரவேற்பில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.
இதை அடிப்பதா வேண்டாமா, இன்னும் குழப்பம்.

உஷ்குலி எங்கும் போய்விடாது.
வேன் கட்டணம்தான் ஏறிவிட்டது.

ருஸ்தவியில் சிசானா இருப்பது ஒன்பதாவது மாடி.
லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை.
என் பகுதி இல்லை அது. நடந்தேன்.
ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று
சொல்லவேண்டியதை மாற்றி மாற்றிக் கோர்த்தேன்.
கதவைத் திறந்தாள். எல்லாம் மறந்து
'மிஷினை வித்தது நான்' என்றேன், மூச்சிரைக்க.
'தெரியும்' என்றாள்.
'வாங்கினவ ஊசி கேட்டு என்கிட்டதானே வந்தா.'
திட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் என் பையையே பார்த்துவிட்டுக் கேட்டாள்:
'இந்த லிஃப்டைச் சரிபண்ண
உங்க ஆளுங்க எப்ப வருவாங்க?'

இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.
ஒரு ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிட வேலை.
காசு போட்டு, ஒன்பதை அழுத்தி,
காலியாக மேலே அனுப்பினேன்.
அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை
கீழேயே நின்றேன்.

பஸ் வரவில்லை.
உதட்டைக் குவித்து ஊதினேன். காற்றுதான் வந்தது.
எதிர்ச்சாரியில் போன ஒரு நாய் மட்டும்
நின்று திரும்பிப் பார்த்தது.